அடுத்த மெக்கானிக் நூறு கிலோமீட்டரில்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையைப் பாதை என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். உருண்டைக் கல், படிக்கட்டு மாதிரிப் பாறை, நடுவில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம். சில வருடங்களுக்கு முன் சூரியோதயம் பார்க்க விடியற்காலை இருட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். வாடகை ஜீப்பின் அடியில் ஒரு கல் ‘டங்’கென்று அடித்தது. டிரைவர் அண்ணன் இறங்கி, குனிந்து மூக்கால் தேடினார். டீசல் டேங்கில் மெல்லிய விரிசல். சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

டூல்ஸ் பையிலிருந்து அவர் எடுத்தது பாதி தேய்ந்த துணி சோப்பு. ஈரத்தைத் துடைத்துவிட்டு, விரிசலின் மேல் கட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தார். அப்புறம் ஒரு துண்டைக் கிள்ளி, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் விரலால் பிசைந்து, விரிசலுக்குள் போகிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தினார். ஒழுகல் நின்றுவிட்டது. “டீசல்ல சோப்பு கரையாது சார், தண்ணியிலதான் கரையும்” என்றார். மேலே போனோம், சூரியனைப் பார்த்தோம், டீ குடித்தோம், இறங்கினோம். வண்டி மதியத்துக்கு மேல்தான் ஒர்க்‌ஷாப் போனது.

காட்டிலும் மலையிலும் நாம் செய்வதற்கு ரிப்பேர் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. மெக்கானிக் இருக்கும் ஊர் வரைக்கும் வண்டியை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான். புதிதாக மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி என்று ஜீப் வாங்கியவர்கள், பழைய ஜிப்ஸியோ பொலிரோவோ தேற்றி எடுத்தவர்கள், ஸ்பிதி, லடாக் என்று கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிளம்பும் முன் பை

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌலில் டாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே வைத்த பலகை லே போகிறவர்களிடையே பிரபலம். எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பங்க்கே இத்தனை தூரத்தில் என்றால், என் வண்டியின் பேன் பெல்ட் எந்தக் கடையில் கிடைக்கும்?

அதனால் உதிரி பாகங்களை வண்டிக்கு ஏற்றபடி வாங்க வேண்டும். பேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் மேல், கீழ் ஹோஸ், டீசல் ஃபில்டர், ஃபியூஸ் ஒரு செட், பல்பு, இரண்டு வீல் நட்டு. சர்வீஸில் புது பெல்ட் மாற்றும்போது பழையதை வாங்கி சீட்டுக்கு அடியில் போடுங்கள். செலவில்லாத ஸ்பேர் அதுதான்.

மீதி எல்லா வண்டிக்கும் பொது. டியூப்லெஸ் பங்சர் கிட், 12 வோல்ட் காற்று பம்ப், காற்று அளக்கும் கேஜ், வால்வு பின் கழற்றும் சின்னச் சாவி, எம்-சீல் இரண்டு பாக்கெட், துணி சோப்பு, கட்டுக்கம்பி, ஹோஸ் கிளிப் பல அளவில், பழைய சைக்கிள் டியூப் ஒன்று, இன்சுலேஷன் டேப், ராட்செட் பட்டை இரண்டு, ஜம்பர் கேபிள், தலையில் மாட்டும் லைட், கையுறை, பத்து லிட்டர் தண்ணீர். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் கெட்டியான பலகை ஒன்று. இதை எல்லோரும் மறப்பார்கள். மணலிலும் சேற்றிலும் பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான்தான் உள்ளே இறங்கும்.

வாங்கினால் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஸ்டெப்னியை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். வீல் நட்டை கடையில் மெஷின் வைத்து எப்படி முறுக்கியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரியும்.

நின்றதும் முதல் பத்து நிமிடம்

வண்டி நின்றால் உடனே பானெட்டைத் திறந்து கையை விடாதீர்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள், கியரில் விடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வளைவில் நின்றிருந்தால் ஐம்பது அடி முன்னும் பின்னும் ஆளையோ கல்லையோ வையுங்கள்.

அப்புறம் மூக்கு, காது, கண். இனிப்பாக ஒரு வாடை வந்தால் கூலன்ட். பிளாஸ்டிக் கருகிய வாடை என்றால் ஒயரிங். கருகிய வாடை கிளட்ச் மிதித்த பிறகு வந்தால் கிளட்ச் பிளேட். கீழே படுத்து ஒழுகலைப் பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயம் போட்டது கூலன்ட். கறுப்பாக வழவழவென்று இருப்பது இன்ஜின் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் இளமஞ்சளாக ஈரம் இருந்தால் பிரேக் ஆயில். வெறும் தண்ணீர் மாதிரி, வாடை இல்லாமல் சொட்டினால் ஏசி தண்ணீர்தான், பயப்படாதீர்கள். முதல் பயணத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்து நான் அரை மணி நேரம் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

நின்ற இடத்திலேயே நாலு கோணத்தில் போன் படம் எடுங்கள். எதையாவது கழற்றும் முன்பும் எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதை இருட்டியபின் மூளை ஞாபகம் வைத்திருக்காது.

டயர்

கரடுமுரடான பாதையில் வரும் தொந்தரவில் பெரும்பாதி டயர்தான். ஆகவே இதை நன்றாகப் பழகிக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

ஆணி குத்திய டியூப்லெஸ் டயருக்குப் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஆணி கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்வரை வண்டியை உருட்டி நிறுத்துங்கள்.

1. ஓட்டை தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். ஆணி இருந்தால் உடனே பிடுங்காதீர்கள். கிட்டைத் திறந்து, ரப்பர்ப் பட்டையை ஊசியில் பாதி நீளம் வரை கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்த பிறகுதான் பிடுங்க வேண்டும்.

2. கட்டிங் பிளேயரால் ஆணியை இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று பாருங்கள். அரம் போன்ற ஊசியை அதே சாய்வில் உள்ளே விட்டுப் பத்துத் தடவையாவது ஏற்றி இறக்குங்கள். கை வலிக்கும். ஓட்டையின் உள்பக்கம் சொரசொரப்பானால்தான் பட்டை பிடிக்கும்.

3. பட்டை கோத்த ஊசியை அதே சாய்வில் அழுத்துங்கள். இரண்டு வாலும் வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் தெரியும்போது நிறுத்தி, ஊசியை ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் பட்டையும் கூடவே வந்துவிடும்.

4. வாலை வெட்டி, காற்று அடித்து, மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை என்றால் கிளம்பலாம்.

பக்கவாட்டில் கல் கிழித்தால் கதை வேறு. சின்னக் கிழிசலில் இரண்டு மூன்று பட்டையைச் சேர்த்துத் திணிக்கலாம், அதை நம்பி மெதுவாக ஊருக்குள் வரலாம், அவ்வளவே. ஸ்டெப்னி இருந்தால் அதைப் போடுவதே புத்திசாலித்தனம். ஸ்டெப்னியும் போய்விட்டதா? அதே அளவு டியூப் கையில் இருந்தால், கிழிசலின் உள்பக்கம் பழைய டயர்த் துண்டு ஒன்றை அண்டக்கொடுத்து டியூபைப் போட்டு ஓட்டலாம். ஒரு டியூப் வைத்திருப்பது பழங்காலப் பழக்கம் என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பாறையிலும் மணலிலும் காற்றைக் குறைத்து ஓட்டுவது சரியான பழக்கம். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைப்பவர் பாறையில் 20, 22-க்கு இறக்கலாம், மணலில் 18 வரை. 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அப்படிக் கழன்றால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ரிம்மின் விளிம்பிலும் டயரின் உதட்டிலும் ஒட்டிய மண்ணை விரலால் வழித்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல்பருக்கை இருந்தாலும் காற்று நிற்காது. விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, ராட்செட் பட்டையை டயரின் நடுவில் சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்கும்போது இரண்டு உதடும் வெளியே தள்ளி ரிம்மைத் தொடும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் காற்றடித்தால் காற்று வேகமாக உள்ளே போகும். ‘டப் டப்’ என்று இரண்டு சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டையைத் தளர்த்தி, பின்னைப் போட்டு, மீதிக் காற்றை அடியுங்கள். ஸ்பிரே அடித்து நெருப்பு வைத்து ஏற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். புருவம் வேண்டும் என்றால் செய்யாதீர்கள்.

சக்கரம் மாற்றும்போது ஒரே ஒரு விஷயம்: கழற்றிய சக்கரத்தை சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி சக்கரத்தின் மேல் விழும், உங்கள் மேல் விழாது. ஐம்பது கிலோமீட்டர் போனபின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

வண்டி சூடேறினால்

டெம்ப்ரேச்சர் முள் ஏறுகிறது என்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இறங்காவிட்டால் நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடவே கூடாது. ஆறியபின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

ஹோஸ் கிழிந்திருந்தால்: துடைத்து, காய வைத்து, சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இழுத்து இறுக்கமாகச் சுற்றுங்கள். கிழிசலின் இரு பக்கமும் இரண்டு அங்குலம் தாண்டிப் போக வேண்டும். மேலே ஹோஸ் கிளிப் இரண்டு. கிழிசல் நுனியில் என்றால் சுற்றுகிற வேலையே வேண்டாம், கிழிந்த நுனியை வெட்டிவிட்டு மீதி ஹோஸை இழுத்து மாட்டுங்கள்.

பழைய டிரைவர்கள் இங்கே ஒன்று சேர்த்துச் சொல்வார்கள்: மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வை, பிரஷர் ஏறாது, ஒட்டு தாங்கும். சமவெளியில் இது சரி. ஸ்பிதிக்குப் போகும் குன்சும் கணவாயில் சரிப்படாது. அது 4,500 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் திறந்த தண்ணீர் 85 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், இன்ஜினோ 90-ஐ ஒட்டித்தான் ஓடும். மூடி இறுக்கமாக இருந்து பிரஷர் ஏறுவதால்தான் மலை மேல் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. அங்கே மூடியை மூடி, ஒட்டை நன்றாகப் போட்டு, பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

ரேடியேட்டரில் ஊசி ஓட்டை என்றால் லாரிக்காரர்கள் மஞ்சள் தூள் போடுவார்கள். வேலை செய்கிறது என்பது உண்மை. அதே மஞ்சள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதும் உண்மை. வேறு வழியே இல்லாதபோது போடுங்கள், ஊர் வந்ததும் முழுசாக அலசச் சொல்லுங்கள்.

இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியில், அதாவது சம்பில், கல் அடித்து ஒழுகினால் சோப்பு உதவாது, சூட்டில் இளகிவிடும். எம்-சீல்தான். விரிசல் உள்ள பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தினால் ஆயில் மறுபக்கம் ஒதுங்கும். அப்படியும் ஈரம் நிற்காவிட்டால் ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து வையுங்கள், திரும்ப ஊற்ற வேண்டியது அதைத்தான். இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். எம்-சீல் இரண்டு நிறத்தையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசைந்து அழுத்துங்கள். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும், குளிரில் இன்னும் கூட. அந்த நேரத்தில் டீ போடலாம். பொறுமை இல்லாமல் இருபது நிமிடத்தில் ஸ்டார்ட் பண்ணி, மொத்த ஒட்டும் கையோடு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

டீசல், கரண்ட்

டீசல் தீர்ந்து ஊற்றிய பிறகோ ஃபில்டர் மாற்றிய பிறகோ வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கிறது. பழைய ஜீப், பழைய டிஐ இன்ஜின் என்றால் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல், பிறகு சுத்தமான டீசல். அப்போது பம்ப்பை அழுத்திக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். இப்போதைய காமன் ரெயில் டீசல் வண்டியில் ஃபில்டர் பக்கம் உள்ள பம்ப்பைக் கெட்டியாகும்வரை அமுக்குவதோடு உங்கள் வேலை முடிந்தது. இன்ஜெக்டர் பைப் நட்டை எந்தக் காரணத்துக்கும் தளர்த்தாதீர்கள். ஓடும்போது உள்ளே வெளிக்காற்றைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பிரஷர், பீறிடும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

மலைக் கிராமங்களில் கேனில் வாங்கிய டீசலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஃபில்டர் லைட் எரிந்தால் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். குளிருக்கு மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பிஎஸ்-6 வண்டியில் அந்தப் பேச்சே வேண்டாம்.

செல்ஃப் எடுக்காமல் ‘டக் டக்’ என்றால் பேட்டரியைத் திட்டும் முன் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். குலுங்கிக் குலுங்கி வந்த வண்டியில் பத்துக்கு ஐந்து முறை அதுதான் காரணமாக இருக்கும். லூஸாக இருந்து இறுக்க முடியவில்லை என்றால் பேட்டரிக் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் சின்னச் செம்புக் கம்பித் துண்டைச் செருகி இறுக்குங்கள். பேட்டரியே டவுன் என்றால் ஜம்பர் கேபிள்: சிவப்பு இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு நல்ல வண்டியின் மைனஸிலும், கடைசி நுனி செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடைசி நுனி விஷயம்.

ஃபியூஸ் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஸ்பேர் இல்லையென்றால் அவசரமில்லாத இடத்தில் உள்ள அதே நிறத்தைப் பிடுங்கிப் போடுங்கள். சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயரிங் எரியும்.

இரும்பு உடைந்தால்

லாரியின் லீஃப் ஸ்பிரிங் பட்டையில் அருவாள் அடிப்பார்கள், அவ்வளவு உறுதியான இரும்பு. ஆனாலும் உடையும். ஜிப்ஸி, பொலிரோ, பழைய தார் வைத்திருப்பவர்கள் ஒருநாள் பட்டை ஒடிந்து ஒரு பக்கம் சாய்ந்த வண்டியைப் பார்க்கத்தான் போகிறார்கள். வண்டியை சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கட்டையை வைத்து, ராட்செட் பட்டையால் ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒடிந்தது மெயின் பட்டை என்றால் ஆக்சில் முன்னும் பின்னும் நகராதபடி இன்னொரு ராட்செட் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். அப்புறம் நடை வேகம்.

பின்சக்கரத்தைச் சுழற்றும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட்டையே கழற்றிப் பின்சீட்டில் போட்டு, ஃபோர் வீல் போட்டு முன்சக்கரத்தில் ஓட்டி வரலாம். கிளட்ச் மிதித்தும் விடவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, 4 லோவில் (ஃபோர் வீலின் மெதுவான கியர்) முதல் கியர் போட்டு, அப்படியே செல்ஃப் அடியுங்கள். வண்டி குதித்துக்கொண்டு கிளம்பும். நிற்க வேண்டியபோது அணைத்துவிடுங்கள். அசிங்கமான ஓட்டம்தான், ஆனால் ஊர் வந்து சேரும்.

ஸ்டியரிங் ராடு, பிரேக் பைப் இரண்டிலும் புதியவர்கள் கட்டுக்கம்பி வித்தை காட்டக் கூடாது. அனுபவசாலிகள் செய்வார்கள், நான் செய்யமாட்டேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆயிரம் அடிப் பள்ளம் இருக்கும் ரோட்டில் பிரேக் இல்லாத வண்டியை இறக்குவதைவிட ராத்திரி அங்கேயே தூங்கலாம்.

நாலாவில் நின்றுவிட்டால்

ஸ்பிதி ரோட்டில் கிராம்பு என்ற இடத்திலிருந்து பதல் போகும் வழியில் பனி உருகி ரோட்டின் மேலேயே ஓடும். அந்த ஓடையைத்தான் நாலா என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு, மதியத்துக்குப் பிறகு முழங்காலுக்கு மேல். முதலில் ஆள் நடந்து பார்க்க வேண்டும், அதுவும் காலையிலேயே கடந்துவிட வேண்டும். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அது காட்டில் சரிசெய்கிற காரியம் இல்லை. வண்டியை இழுத்து வெளியே எடுத்து ஏர் ஃபில்டரைத் திறங்கள். காய்ந்திருந்தால் அதிர்ஷ்டம், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். நனைந்திருந்தால் கட்டி இழுத்துப் போவதுதான் வழி.

இழுக்கும்போது கயிற்றைச் சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பம்பரிலோ டிரெய்லர் மாட்டும் உருண்டையிலோ மாட்டினால் அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி வரும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கோ ஜாக்கெட்டோ போட்டுவிட்டு, கயிற்று நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். வண்டிக்குள் காற்று அடிக்காது, தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும். லடாக்கில் வெளிமாநில பிரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம், வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த ரோடுகளில் எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், ராணுவ லாரிகள் போய் வரும். கை காட்டினால் நிற்பார்கள்.

ஊர் வந்ததும் மறக்கக் கூடாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கெங்கே ஒட்டுப் போட்டோம், எதைக் கழற்றினோம், எதைத் தளர்த்தினோம் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் செருகி, அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு தடவை ஹோஸுக்கு டியூப் சுற்றி ஊர் திரும்பினேன். மெக்கானிக் ஹோஸை மாற்றினார், காசு வாங்கினார், அனுப்பினார். மூன்று வாரம் கழித்து திண்டுக்கல் தாண்டி நல்ல நாலு வழிச் சாலையில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் மூடி அரைச் சுற்றுத் தளர்ந்து கிடந்தது. தளர்த்தியது நான்தான், மலையடிவாரத்தில்.